தாதே நாம்சனின் கணுக்கால் வெள்ளம்

தாதே நாம்சனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் வெள்ளத்தில் கழிந்தது எவ்வளவு, வெள்ளம் என்று சொல்லிக் கழித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஒருவராலும் முடியாது.

ஊர் என்றால் பெரிய ஊர் ஒன்றுமில்லை. வெஸ்டர்மூர் ஹாலிக். ஜெர்மனியின் வடமேற்குக் கரைக்கு வெளியே, கடலுக்குள் தட்டையாகக் கிடக்கும் ஒரு புல்தரை. சுற்றிக் கரை கட்டவில்லை. பெருங்காற்று அடித்தால் கடல் மேலே ஏறி வந்து புல்லையெல்லாம் மூடிவிட்டு, ஐந்தாறு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். நான்கு மண்மேடுகள் உண்டு. வீடு, கொட்டகை, ஆடு, ஆள் எல்லாம் அந்த மேடுகளின் மேல்தான். வருஷத்துக்குப் பதினைந்து இருபது நாள் மேடுகள் மட்டும் தெரியும், மிச்சமெல்லாம் தண்ணீர். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, தபால் கிடையாது, பாதிரியார் வரமாட்டார். அதற்காக யாரும் அழுததாகத் தகவல் இல்லை.

இதனால் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கரையிலிருந்து யாராவது போன் செய்து, "உங்க பக்கத்து மேட்டுக்காரர் வெள்ளம்னு சொல்லிட்டு வரல, நெசமா?" என்று கேட்டால், "ஆமா" என்று சொல்லவேண்டும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தாலும் சொல்லவேண்டும். ஒருத்தர் வெள்ளத்தை இன்னொருத்தர் மறுக்கக் கூடாது. இன்றைக்கு அவருக்கு, நாளைக்கு நமக்கு.

இந்த மரியாதையிடம் தாதே வாங்கிய அளவுக்கு யாரும் வேலை வாங்கியதில்லை. பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு உடம்பைப் பரிசோதிக்கக் கூப்பிட்டார்கள். வெள்ளம். டிரைவிங் டெஸ்ட் மூன்று முறை. மூன்று முறையும் வெள்ளம். தம்பி கல்யாணத்தில் அண்ணன் எழுந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். அன்றைக்கு வந்தது மிகப் பெரிய வெள்ளம். கல்யாண போட்டோவில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது, தம்பி அதைக் கோபத்தில் எடுக்காமல் விட்டான் என்று கேள்வி. சித்தப்பா ஒருவர் ஜூன் மாதத்தில் செத்துப்போனார். காற்றே இல்லை, கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருந்தது. அதற்கும் வெள்ளம்தான். சித்தி சந்தேகப்பட்டு ஹார்க்குக்குப் போன் செய்தாள்.

"ஆமாங்க," என்றார் ஹார்க். "கணுக்கால் வரைக்கும்."

ஹார்க் அடுத்த மேட்டுக்காரர். தாதேயும் அவரும் ஒரே வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு என்றால் அந்த வருஷம் அவர்கள் இரண்டு பேர்தான். ஹார்க் எப்போதும் கணுக்கால் என்றுதான் சொல்வார். முழங்கால் என்று சொன்னால் பயந்துபோய்ப் படகு அனுப்பிவிடுவார்கள். பாதம் என்று சொன்னால் நடந்து வா என்பார்கள். கணுக்கால்தான் சரியான அளவு என்பது அவர் நாற்பது வருஷத்து ஆராய்ச்சி.

தாதே சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. கரைக்காவல் ஆபீசுக்காகத் தீவின் ஓரத்தில் கல் அடுக்குவது அவர் வேலை. அவர் அடுக்கின கல்லை அலை பிடுங்கினதில்லை. நிஜ வெள்ளம் வந்தால் முதலில் கிளம்பும் ஆள் அவர். ஒரு தடவை டீச்சரம்மாவின் பியானோவைத் தனியாகத் தூக்கி நாலு செங்கல் மேல் நிறுத்தினார், ஏன் தனியாக என்று கேட்டதற்கு "கூப்பிட்டா பேசணும்" என்றார். கடலைக் கண்டு பயமில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்காரவேண்டும் என்றால்தான் பயம்.

இப்படிப்பட்டவருக்குக் கீழ்ப்பக்கம் இடது கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது.

கரையில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அங்கே போன் எடுப்பது கெய்க்கே. நாற்பத்தொன்பது வயது. புருஷன் செத்து ஆறு வருஷம். மேஜை இழுப்பறையில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை வைத்திருப்பாள், அது தாதேக்குத் தெரியாது. ஆறு முறை தாதே வெள்ளம் என்று சொன்னார், ஆறு முறையும் "சரிங்க சார், அடுத்த வாரம் போடறேன்" என்றாள். ஏழாவது முறை அட்டவணையை எடுத்தாள்.

"நாம்சன் சார், இன்னிக்குக் கிழக்குக் காத்து."

"ஆமா."

"கிழக்குக் காத்து அடிச்சா தண்ணி வெளியதான சார் போகும்."

தாதே யோசித்தார். "இது உள்ளூர் வெள்ளம்."

"எவ்வளவு இருக்கு?"

"கணுக்கால் வரைக்கும்."

"கணுக்கால் வரைக்கும் தண்ணின்னா வாய் நனையாதே சார். எங்களுக்கு வாய்தான் வேணும்."

தாதே போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆடு மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அதற்கு அந்தச் சத்தம் புதிது.

பல் வலி கொஞ்சம் அடங்கியது, அடுத்த வாரம் அவருக்கு அங்கே நேரம் எதுவும் குறிக்கவில்லை. ஆனாலும் போன் செய்தார்.

"நாம்சன் பேசறேன். இன்னிக்கு வெள்ளம்."

"இன்னிக்கு உங்களுக்கு எதுவும் போடலையே சார்."

"தெரியும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு வெள்ளம் வந்தது. சில வாரம் மூன்று. வேனிற்காலத்தில் கெய்க்கே ஒரு நாள் படகில் வந்து இறங்கினாள். தாதே தான் அடுக்கின கல்லையெல்லாம் காட்டினார், ஒன்றேகால் கிலோமீட்டர், ஒரு கல்லைக்கூட விடவில்லை. இலையுதிர் காலத்தில் அவர் தீவனம் வாங்கக் கரைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் துறைமுகத்துக் கடையில் ரம் ஊற்றின டீ குடித்தார்கள். நின்றபடிதான். உட்கார்ந்தால் கதை வேறு.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு வரச் சொன்னாள், அக்கா தங்கைகள் வருவார்கள் என்றாள். வெள்ளம். ஜனவரியில் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள். வெள்ளம். இரண்டு நாளும் தரை காய்ந்துதான் கிடந்தது. இரண்டு நாளும் கெய்க்கே ஹார்க்கைக் கேட்டாள், ஹார்க் அளவு சொன்னார்.

பிறந்தநாளுக்கு மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"தாதே, பல்லுக்கு வெள்ளம்னா எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கே வெள்ளம்னா நான் என்ன செய்ய? பிப்ரவரி இருபத்தொண்ணு பீக்கெ. எங்க ஊரே வரும். என் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அது காலியா இருந்துதுன்னா, அப்புறம் போன் பண்ணாதீங்க."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் தாதேயை உலுக்கியது.

பீக்கெ என்பது பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி கரையோர ஊர்களில் கொளுத்தும் பெருநெருப்பு. பழைய கிறிஸ்துமஸ் மரங்கள், உடைந்த படகு, வேண்டாத கட்டில் எல்லாம் போட்டு எரிப்பார்கள். பிறகு கோஸ்கீரையும் புகைபோட்ட பன்றி இறைச்சியும் சாப்பிடுவார்கள். அங்கே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அடுத்த பீக்கெ வரைக்கும் பேச்சு.

இருபத்தொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ரேடியோ பேசியது. வட கடல் கரைக்குக் கடும் புயல் எச்சரிக்கை. வடமேற்கிலிருந்து சூறைக்காற்று, பனிமழை. மாலைக் கடலேற்றம் வழக்கத்தைவிட இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை கூடுதலாக இருக்கும். கரையோரம் போகவேண்டாம். ஹாலிக்காரர்கள் கால்நடைகளை மேலே ஏற்றிக்கொள்ளவும்.

தாதே ரேடியோவை அணைத்தார். திரும்பப் போட்டார். ஐம்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, இந்த வெள்ளம் வராமல் இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. கடல் அதைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு போன்.

"ரேடியோ கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இது நெச வெள்ளம்."

"ஆமா."

"தீ கிடையாது. இந்தக் காத்துல கொளுத்துனா ஊரும் சேந்து எரியும்னு நிறுத்திட்டாங்க. சாப்பாட்ட மத்தியானத்துக்கு மாத்தியாச்சு. பன்னெண்டு மணி. தண்ணி ராத்திரி எட்டுக்குத்தான். நாலு மணி வரைக்கும் கரைக்கு வர்ற ட்ராலித் தடம் காஞ்சிருக்கும். அட்டவணை பாத்துட்டேன்."

"தெரியும்."

"அப்ப?"

"வர்றேன்."

"நாற்காலி போடவா?"

"போடுங்க."

பத்தரைக்குள் முப்பத்திரண்டு ஆட்டையும் மேட்டுக்கு ஏற்றினார். மேற்கு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார். குட்டையில் உப்பு ஏறிவிடும் என்பதால் நல்ல தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பினார். இவ்வளவும் செய்துவிட்டு முகம் மழித்தார். டிசம்பரில் வாங்கின கருநீலக் கோட்டைப் போட்டார். கால் தானாகப் பூட்ஸுக்குள் நுழையப் போனது. அதை நிறுத்தி, கறுப்பு ஷூவுக்குள் விட்டார். திட்டம் எளிது. போகவேண்டும், நாற்காலியில் உட்காரவேண்டும், கீரையைச் சாப்பிடவேண்டும், தண்ணீர் ஏறுமுன் திரும்பவேண்டும். வெள்ள ராத்திரியில் மேட்டை விட்டு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஹார்க்கிடம் சொல்லவில்லை. இந்தக் கோட்டையும் ஷூவையும் சேர்த்துப் பார்த்தால் ஹார்க் எண்பது வயது வரைக்கும் அதையே பேசுவார். அதனால் கொட்டகைக்குப் பின்னால் குனிந்து, வடக்குச் சரிவில் இறங்கிப் போனார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவன் போகிற மாதிரியே இருந்தது. ஹார்க் தன் மேட்டில் ஏணி மேல் நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம்.

எங்கள் தீவிலிருந்து கரைக்கு ஒரு கற்பாதை போகிறது. அதன் மேல் ஒற்றை வழித் தண்டவாளம், எதிரெதிரே வந்தால் ஒரு வண்டி பின்வாங்கவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ட்ராலி உண்டு, நாலு சக்கரத்தில் ஒரு மரப்பெட்டி, புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டார். நாலரைக் கிலோமீட்டர். தாதே தன் ட்ராலியில் ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தே இருந்தார்.

பனிமழை பக்கவாட்டில் வந்து காதில் நுழைந்தது. அவளுடைய அக்கா என்ன கேட்பாள், அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று யோசித்தார். "கல் அடுக்கறேன்" என்று சொல்லலாம். அதற்கப்புறம் என்ன சொல்வது? பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. எப்படியும் முதல் இழுப்பில் கிளம்பாது, ஈரத்தில் அது கிளம்பினதே இல்லை என்று ஒரு தைரியத்தில் மோட்டார் கயிற்றை இழுத்தார்.

கிளம்பிவிட்டது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார். இரண்டு பக்கமும் சேறு தெரியவேண்டிய நேரம், ஆனால் சாம்பல் நிறத் தண்ணீர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. கீழே இறங்கவேண்டிய நேரத்தில் இறங்காத தண்ணீர் நல்ல சகுனமில்லை. அப்போது மழைக்குள்ளிருந்து எதிரே இன்னொரு ட்ராலி வந்தது. கரைக்காவல் ஆபீஸ் வண்டி. ஓட்டுவது பிரார், அந்த ஆபீஸில் வேலை பார்க்கும் பையன்களில் மூத்தவன், முப்பது வயதிருக்கும். பின்னால் மணல் மூட்டைகள். மூட்டைகளின் மேல், மழைக்கோட்டுக்குள், மடியில் துண்டு சுற்றின ஒரு பாத்திரத்தோடு கெய்க்கே.

இரண்டு வண்டியும் மூன்று மீட்டர் இடைவெளியில் நின்றன.

"மோய்ன்," என்றான் பிரார். எங்கள் பக்கத்தில் எந்த நேரத்துக்கும் அது ஒன்றுதான் வணக்கம்.

"மோய்ன்," என்றார் தாதே.

"நாம்சன் சார்," என்றாள் கெய்க்கே.

அது பல் டாக்டர் மேஜையின் குரல். தாதேக்குக் கடைவாய்ப்பல் ஒரு தடவை துடித்தது.

"நான் வந்துட்டுதான் இருந்தேன்," என்றார்.

"அப்படிங்களா. உங்க ஊர்ல வெள்ளம்னாங்களே."

"யாரு?"

"பன்னெண்டு மணிக்கு நாற்காலி காலியா இருந்துது. வீட்டுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கல. ஹார்க்குக்கு அடிச்சேன். கணுக்கால் வரைக்கும் தண்ணி, நீங்க அதுல நின்னு ஆடு இழுத்துட்டிருக்கீங்கன்னார். நான் கரை மேல நின்னு பேசிட்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டப்ப அங்கேந்தே உங்க ஊர்ப் புல்லு தெரிஞ்சுது."

தாதே கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வருஷத்து மரியாதை கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றது. ஹார்க் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். ஏணியில் நின்றபடி, வாயில் ஆணியோடு சொல்லியிருப்பார்.

"அவன் எப்பவும் அப்படித்தான் சொல்வான்."

"தெரியும். நீங்க சொல்லச் சொல்வீங்க, அவர் சொல்வார்."

"இன்னிக்கு நான் சொல்லல."

"டிசம்பர்ல?"

"சொன்னேன்."

"ஜனவரில?"

"சொன்னேன்."

"இன்னிக்கு மட்டும் என்ன புதுசா?"

தாதே ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். "ஷூ போட்டிருக்கேன்."

பிரார் எட்டிப் பார்த்தான். "ஷூதான்," என்றான். "தாதே அண்ணே, எங்க வாங்குனீங்க?"

"ஷூ போட்டவங்க எல்லாரும் வர்றவங்க இல்ல," என்றாள் கெய்க்கே. "பாதி வழி வந்து திரும்பறவங்களும் போடுவாங்க. உங்க வண்டிக்கு முன்னால பின்னால ரெண்டும் ஒண்ணா இருக்கு. நீங்க எந்தப் பக்கம் போயிட்டிருந்தீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" பாத்திரத்தைத் தட்டினாள். "இது உங்க பங்கு கீரை. நாற்காலிக்கு முன்னால வெச்சது. வீணாப் போக வேணாம்னு கையில குடுத்துட்டு, போன் பண்ணாதீங்கன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"பேசி முடிச்சா நகரலாம்," என்றான் பிரார். "தண்ணிக்குக் கதை கேக்கற பழக்கமில்ல."

கெய்க்கே போனை எடுத்தாள். நம்பரை அழுத்தி, காற்றில் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹார்க்."

"கெய்க்கே பேசறேன். தாதே எப்படி இருக்கார்?"

"பாவம்," என்றார் ஹார்க். "தொப்பலா நனைஞ்சிருக்கான்."

"பக்கத்துல இருக்காரா?"

"இங்கதான், என் சமையல்கட்டுல. கால் துடைச்சிட்டிருக்கான்."

தாதே தன் காலைப் பார்த்தார்.

"தண்ணி?"

"கணுக்கால் வரைக்கும். கொஞ்சங்கூடக் குறையல."

"அவர்கிட்ட குடுங்களேன்."

"தொண்டை கட்டிக்கிச்சு அவனுக்கு. குளுரு."

பிராரின் தோள் குலுங்கியது. இருமலாகவும் இருக்கலாம்.

"சரி, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். அதுக்கு என்ன சொல்றார்?"

இத்தனை வருஷத்தில் ஹார்க்கிடம் யாரும் அளவுக்கு மேல் கேட்டதில்லை. சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது.

"இங்க பாருங்கம்மா," என்றார் ஹார்க். "வெள்ளம் வெள்ளம்தான். அத நான் மாத்திச் சொல்லமாட்டேன். ஆனா டிசம்பர்ல ஒரு வெள்ளம் வந்துது பாருங்க, அன்னிக்கு இவன் காலைல பத்து மணிலேருந்து ட்ராலில உக்காந்திருந்தான். புதுக் கோட்டு. நான் பைனாகுலர்ல பாத்தேன். இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தான், கிளப்பவே இல்ல. ஜனவரிலயும் அதே கூத்து. மடியில ஒரு பொட்டி. மழை வந்தப்ப அவன் நனைஞ்சான், பொட்டியக் கோட்டுக்குள்ள வெச்சிக்கிட்டான். வரக்கூடாதுன்னு நெனக்கிறவன் வீட்டுல அடுப்புக்கிட்ட உக்காந்திருப்பான்ல." சுத்தியலைத் திரும்ப எடுக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி இருந்துது. கணுக்கால் வரைக்கும். அதையும் சொல்லிடறேன்."

"சரிங்க."

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"பக்கத்துலதான இருக்கார்?"

"காது அடைச்சிருக்கு அவனுக்கு," என்று சொல்லி ஹார்க் போனை வைத்துவிட்டார்.

தாதே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. பிரார் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தான், எத்தனை என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

"பொட்டில என்ன?" என்று கேட்டாள் கெய்க்கே.

தாதே கோட்டுக்குள் கைவிட்டு எடுத்தார். ஜனவரியிலிருந்து அது அங்கேதான் இருந்தது. அட்டைப்பெட்டி ஈரத்தில் உப்பியிருந்தது, உள்ளே ஒரு பீங்கான் சர்க்கரைக் கிண்ணம். மூடியில் ஒரு ஆடு. ஆட்டுக்கு ஒரு கண் தப்பான இடத்தில் இருந்தது.

கெய்க்கே மூட்டையிலிருந்து இறங்கி, கல்லின் மேல் மூன்று அடி நடந்து வந்து வாங்கித் திறந்து பார்த்தாள்.

"சர்க்கரை இல்லையே."

"பல்லுக்குக் கெடுதல்னு போடல," என்றார் தாதே.

கெய்க்கே மூடியை மூடினாள். அந்த ஆட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தீவுக்குப் போற லோடு வண்டி பின்னால போகாது," என்றான் பிரார். அது தடத்தின் விதி. விதியைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். "நீங்கதான் போகணும் அண்ணே. அக்கா, மூட்டைய இறக்கிட்டு மூணு மணிக்கு நான் திரும்பறேன். என்கூட வந்துடலாம். அதுக்கு மேல தடம் இருக்காது."

"சரி, மூணு மணி," என்றாள் கெய்க்கே. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தாதேயின் ட்ராலியில் ஏறிக்கொண்டாள். முள்கரண்டியை நீட்டினாள். "ஆறுது."

தாதே ஒரு கையால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு மறு கையால் கீரையைச் சாப்பிட்டார். இரண்டு கிலோமீட்டருக்கும் கெய்க்கே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்துதான் இருந்தார்கள். அந்தப் பயம் வரவில்லை என்பதை அவர் கடைசிக் கிலோமீட்டரில்தான் கவனித்தார்.

மேட்டடியில் மூட்டை இறக்கும்போது ஹார்க் உதவிக்கு வந்தார், கையில் சுத்தியலோடு. கெய்க்கேயைப் பார்த்து நின்றார். தாதேயின் ஷூவைப் பார்த்தார். கடைசியில் காய்ந்த தரையைப் பார்த்தார்.

"மோய்ன்," என்றார். "தண்ணி வடிஞ்சிடுச்சு போல."

"ஆமாங்க," என்றாள் கெய்க்கே. "சட்டுனு வடிஞ்சிடுச்சு."

"இந்தப் பக்கம் அப்படித்தான்," என்றார் ஹார்க். ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முகம் தெரியாமல் நடந்தார்.

நாற்பது மூட்டை. கொட்டகை வாசலில் எப்படி அடுக்குவது என்று தாதே காட்டினார், கெய்க்கே அடுக்கினாள். அவள் அடுக்கினதில் இரண்டைத் தாதே எடுத்துத் திருப்பி வைத்தார். அவள் மறுபடியும் தன் இஷ்டப்படி வைத்தாள். அவர் விட்டுவிட்டார். இது சாதாரண விஷயமில்லை, அவரோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று மணிக்குப் பிரார் மோட்டாரைக் கிளப்பினான். கற்பாதையின் ஓரக்கல் ஏற்கெனவே ஈரமாக மின்னியது. "அக்கா, வர்றீங்களா?"

தாதே ஆட்டுத்தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தொட்டி நிரம்பித்தான் இருந்தது, இருந்தாலும் இன்னொரு வாளி ஊற்றினார். அது வழிந்து அவர் ஷூவை நனைத்தது.

"இன்னும் பன்னெண்டு மூட்டை அடுக்கணும் பிரார்," என்றாள் கெய்க்கே. "நீ கிளம்பு."

பிரார் பார்த்தான். தரையில் இரண்டு மூட்டைதான் இருந்தது. "ஆமாக்கா," என்றான். "பன்னெண்டு இருக்கு." போய்விட்டான். எங்கள் ஊரில் அவனுக்கு வீடில்லை, ஆனால் அன்றிலிருந்து அவனை வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

ஐந்து மணிக்குத் தண்டவாளம் மறைந்தது. ஆறு மணிக்குப் புல் மறைந்தது. ரேடியோ சொன்னதைச் சொன்னபடி கடல் செய்தது. எட்டு மணிக்கு நான்கு மேடும் நான்கு விளக்கும் தவிர ஒன்றும் இல்லை. காற்று மேற்கு ஜன்னல் பலகையை முட்டிக்கொண்டே இருந்தது. பேசினால் காதுக்குள் பேசவேண்டியிருந்தது, அதனால் இரண்டு பேரும் காதுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, வாளி எங்கே, கயிறு எங்கே என்றுதான். அலை மேட்டின் விளிம்பில் மோதி, உடைந்து, மூட்டைகளைத் தாண்டி கொட்டகைக்குள் ஓடியது. ஆடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. தாதே குட்டி போடப்போகும் இரண்டு ஆட்டை வைக்கோல் பரண் மேல் ஏற்றினார், கெய்க்கே கீழிருந்து தள்ளினாள். அவள் தள்ளின ஆடு அவள் முகத்தில் தும்மியது.

வேலை முடிந்து நின்றபோது கெய்க்கே லாந்தரைத் தாழ்த்திக் கீழே பார்த்தாள். தாதேயின் செத்துப்போன அம்மாவுடைய பூட்ஸ் அவள் காலில் இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் அலைந்தது.

"தாதே," என்றாள். "கணுக்கால்."

தாதே குனிந்து பார்த்தார். தொழில் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். நாற்பது வருஷத்தில் முதல் முறையாக அளவு சரியாக இருந்தது.

மறுநாள் விடிந்தபோது கடல் போயிருந்தது. புல் மேல் பாசி, ஒரு பிளாஸ்டிக் கூடை, யாருடையதோ ஒரு கதவு. தடத்தில் முப்பது மீட்டருக்குக் கல் பெயர்ந்திருந்தது. தாதேயும் ஹார்க்கும் பிராரும் சேர்ந்து அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. பெயர்ந்த கல் எதுவும் தாதே அடுக்கினது இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. கெய்க்கே சொன்னாள், இரண்டு தடவை.

நான்காம் நாள் தடம் தயார். கிழக்குக் காற்று, வெயில். ஆடுகள் கீழே இறங்கிப் புல்லில் உப்பை நக்கிக்கொண்டிருந்தன. காலை ஒன்பது மணிக்கு கெய்க்கேயின் போன் அடித்தது. பல் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர்," என்றாள் கெய்க்கே. "வரமுடியாது. வெள்ளம்."

தாதே டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

டாக்டர் படித்தவர். ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்திருக்கவேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஹார்க்குக்குப் போன் வந்தது. ஹார்க் அப்போது தன் மேட்டுச் சரிவில், காய்ந்த புல்லில், காலுறையைக் கழற்றி வெயிலில் காய வைத்துவிட்டு வேலிக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க டாக்டர்," என்றார். "கணுக்கால் வரைக்கும்."

எப்போது வடியும் என்று டாக்டர் கேட்டார்.

ஹார்க் தலையைத் தூக்கித் தாதேயின் மேட்டைப் பார்த்தார். சுவரோரம் வெயிலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றின் முதுகில் கருநீலக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றின் மேல் ஈர ஷூ. மேற்கு ஜன்னலிலிருந்து கெய்க்கே பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், தாதே கீழே நின்று ஆணிகளை வாங்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக.

"இந்த வருஷம் வடியற மாதிரி தெரியல டாக்டர்," என்றார் ஹார்க். "நீங்க வேற ஆள் பாத்துக்குங்க."